வெந்நீர்ப் பீப்பாய்க்கு ஒரு பெயர்

குளிப்பதற்கு அனுமதி கேட்டு அலைந்த ஒரு மனிதரை ஏழாங்கட்டைத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. அதிலும் அந்த மனிதர் ஜப்பான்காரர். நாட்டையே பிடித்துக்கொண்ட கூட்டத்தில் ஒருவர், ஒரு பீப்பாய் வெந்நீருக்காகத் தன் ஆட்களுக்கே தாள் மேல் தாள் எழுதிப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் கூலிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் யார் நம்புவார்கள்? மயிலம்மாள் நம்பவில்லை. பீப்பாய்க்குப் பின்னால் வேறு என்னவோ இருக்கிறது என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள்.

லாபு என்ற ஊரிலிருந்து ரப்பர் காட்டுக்குள் வெகுதூரம் போக வேண்டும் அந்தத் தோட்டத்துக்கு. வெள்ளைக்கார துரை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடி ஒன்றரை வருஷமாகியிருந்தது. மேட்டிலிருந்த அவர் பங்களாவில் இப்போது ஓமுரா என்கிற மேனேஜர் குடியிருந்தார். பட்டாளத்துக்காரர் இல்லை. கண்ணாடி போட்ட, ஒல்லியான, தீராத இடுப்புவலிக்காரர். சாயங்காலமானால் கழுத்துவரை வெந்நீரில் முழுகி உட்கார்ந்தால்தான் அவருக்கு இடுப்பு நிமிருமாம். அவர் ஊரில் எல்லோரும் அப்படித்தானாம். துரை விட்டுப்போன பீங்கான் தொட்டியிலோ முழங்கால் நனைந்தால் தோள் நனையாது.

ஸ்டோருக்குப் பின்னால் எண்ணெய் தீர்ந்த பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று உருண்டு கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்து, அடியில் அடுப்பு மூட்டி, கால் சுடாமலிருக்க உள்ளே ஒரு பலகையைப் போட்டு இறங்கிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் இரும்பெல்லாம் பட்டாளத்தின் சொத்து. சிரம்பானிலிருந்த ராணுவ ஆபீசின் முத்திரை இல்லாமல் ஒரு ஆணியைக்கூட நகர்த்தக் கூடாது என்று உத்தரவு. ஓமுராவும் பயந்த மனிதர்தான். முறைப்படி எழுதிக் கேட்டார்.

எழுதியதைச் சுமந்தவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு. டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளில் சிரம்பானுக்குப் போய்வருவார். முதல் தாள், பீப்பாய் எதற்கு என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. வெந்நீருக்கு என்று எழுதினார்கள். எத்தனை பேருக்கு என்று கேட்டு அதுவும் திரும்பி வந்தது. ஒருவருக்கு என்று எழுதினார்கள். ஒருவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய பீப்பாய் என்று மூன்றாவது முறை வந்தது. அடுப்புக்குக் கேட்ட சிமெண்டு கிடையவே கிடையாது, களிமண்ணால் கட்டிக்கொள் என்றார்கள். பிறகு அளவு நாடாவோடு ஒருவன் வந்து, பங்களா பலகைச் சுவர், தீப்பிடிக்கும், அடுப்பைப் பன்னிரண்டு அடி தள்ளி வை என்று சொல்லி, கட்டி முடித்த அடுப்பை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான். கிராணிக்குத் தொடை வலி கண்டதுதான் மிச்சம்.

இந்தக் கேள்விகள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தன.

"எத்தன பேருன்னு எதுக்குக் கேக்குறான்?" என்றாள் மயிலம்மாள், மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே. "குளிக்கிறவன் ஒருத்தன்னா எண்ணிக்கை எதுக்கு? உள்ள நிக்கப் பலக வேற போடுறாங்க. நிக்க வச்சு அவிக்கத்தான."

"மனுசன் குளிக்கிறதுக்கு புள்ள," என்றான் அவள் புருஷன் முருகையா.

"நீங்க பாத்தீங்களா?"

முருகையா பார்க்கவில்லை. அரிவாளைத் தீட்டப் போனான். சண்டை வேண்டாம் என்று பாதி வயதை ஓட்டியவன் அவன். கித்தா என்கிற ரப்பர்த் தகடுகள் காய்வதற்குப் புகைக்கூட்டில் இரவும் பகலும் தீ பார்த்த ஆள். விறகு பொங்கி எரிந்தால் தகடு உருகிவிடும், தணிந்தால் பூசணம் பிடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் தீயை நாள்கணக்கில் நிறுத்த அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவனால்தான் முடியும். இப்போது கித்தா வாங்க ஆளில்லை. புகைக்கூடு அணைந்து மாதக்கணக்காகிவிட்டது. முருகையா புல் வெட்டிக்கொண்டிருந்தான்.

மயிலம்மாளின் சந்தேகம் சும்மா வந்ததில்லை. சித்திரை மாதம் இதே கிராணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் எழுதினார். சயாமில் ரயில் ரோடு வேலை, மூன்றே மாதம், அரிசியும் துணியும் கொடுப்பார்கள், நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். அவள் கூடப்பிறந்த அண்ணன் வீரமுத்து முதல் ஆளாகக் கட்டைவிரல் வைத்தான். வரும்போது உனக்கு ஒரு சேலை என்று லோரியில் நின்று கை காட்டிவிட்டுப் போனான். மூன்று மாதம் ஐந்து மாதமாயிற்று. ஆளும் வரவில்லை, ஒரு வரியும் வரவில்லை. கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போய்த் தப்பி வந்தவன், அங்கே ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்று சொன்னதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிராணியின் பேனாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஆளை அவள் மனதார வெறுத்தாள்.

அந்தக் கிராணிதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லயத்துக்கே வந்து நின்றார்.

"முருகையா எங்க?"

"புல் வெட்டப் போயிருக்காரு. என்னங்கய்யா விசயம்?"

தங்கராஜு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பீப்பாய்க்கு அனுமதி கிடைக்கிற மாதிரி இருக்கிறது, ஒரே ஒரு தாள்தான் பாக்கி என்றார். பகலில் மேட்டிலிருந்து புகை எழும்பினால் ஆகாய விமானத்துக்கு அடையாளமாகிவிடுமாம். அதனால் புகையில்லாமல் தீ எரிக்கத் தெரிந்தவன் ஒருவனைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அவன் கட்டைவிரலும் வேண்டும்.

"புகை போடுற ஆளுக்குத்தான் புகை இல்லாம எரிக்கவும் தெரியும். மேனேஜருகிட்ட ஒன் வீட்டுக்காரன் பேரச் சொல்லிட்டேன்."

மயிலம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "சொல்லிட்டீங்களா?"

"இன்னும் எழுதல. திங்கக்கெழம எழுதணும்."

"எழுதினா என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சாயங்காலம் அடுப்பு எரிக்கணும். அவ்வளவுதான்." அவர் பங்களாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்தச் சூராட்டுல, அந்தத் தாளுல, பேரு இருக்கிறவன் தோட்டத்த விட்டு வெளிய போகக் கூடாது. முத்திரையோட அப்படிப் போட்டிருக்கு. புரியுதா?"

"வெளிய போகக் கூடாதுன்னா, ஜெயிலா?"

"ஜெயிலு இல்ல புள்ள. நான் சொல்றத நல்லாக் கேட்டுக்க. வெளிய போகக் கூடாது. யாரும் கூட்டிட்டும் போக முடியாது. இதுக்கு மேல எங்கிட்டக் கேக்காத. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தை வராமலிருந்தால் அவள் யோசித்திருப்பாளோ என்னவோ. அது வந்ததும் அவள் காதில் முன்னால் சொன்னது எதுவும் நிற்கவில்லை. அண்ணன் போன லோரியின் பின்பலகைதான் கண் முன்னால் நின்றது. அன்றைக்கும் இதே ஆள், இதே குரல், இதே வார்த்தை. குரலைத் தணித்து வேறு பேசுகிறான். நல்ல விஷயத்தை எவனாவது கிசுகிசுப்பானா?

உள்ளே போய், இருந்த ஒரே கோழியைப் பிடித்துக் காலைக் கட்டிக்கொண்டு வந்தாள். "ஐயா, இத எடுத்துக்கிட்டு வேற யாரு பேரையாவது எழுதிக்குங்க."

தங்கராஜு கோழியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு கோழி என்பது சின்ன விஷயமில்லை. அவர் சட்டைக்குள்ளே எலும்பு தெரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்று தலையாட்டினார். "நீயே வச்சுக்க. திங்கக்கெழம காலையில வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

கோழி வேண்டாம் என்று சொல்லும் கிராணியை மயிலம்மாள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மிச்சமிருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது. இது சயாமுக்கான கணக்கேதான். கோழியைவிடப் பெரிதாக எதையோ வாங்கிவிட்டுத்தான் இந்த ஆள் வந்திருக்கிறான்.

முருகையா வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகத்தில் அவள் பயத்தை எதிர்பார்த்தாள். அவனோ வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான்.

"தீ பாக்குற வேலையா? நல்லதுதான புள்ள. புல்லு வெட்டி முதுகு போச்சு."

"கட்டவெரல வச்சீங்கன்னா நான் கெணத்துல விழுந்துருவேன். அம்மன் அறியச் சொல்றேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். அந்த வேலைக்கு அவன் உள்ளுக்குள் எவ்வளவு ஆசைப்பட்டான் என்று அவளுக்கும் தெரிந்தது. "சரி, ஒன் இஷ்டம்," என்றான். "ஆனா வேற ஆளு வேணுமே. தெரியாதவன் கொளுத்தினா புகையும். கிராணிய போட்டு அடிப்பானுங்க."

வேறு ஆள் யார் என்பதை அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். அதைச் சொல்ல நாக்குக் கூசியது. சொல்லத்தான் செய்தாள்.

மாயாண்டி லயத்தின் கோடி அறையில் இருந்தான். சின்ன வயதில் யாருடனோ கப்பலேறி வந்தவன். கூட்டி வந்தவரும் செத்துப்போனார். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, சொந்தம் என்று கைநீட்ட ஒருவர் இல்லை. மயிலம்மாளை அக்கா என்று கூப்பிடுவான். அவள் கிழங்கு அவித்தால் ஒரு துண்டு அவனுக்கும் போகும். போனால் அழுவதற்கு ஆளில்லாதவன் என்று அவள் அவனை எடைபோட்டாள். இதைத் திருப்பித் திருப்பி மனதில் சொல்லிக்கொண்டதில் ஒருவாறு நியாயம் போலவும் ஆகிவிட்டது. புருஷனைக் காப்பாற்ற நினைக்கிறவள் வேறென்ன செய்வாள்? நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம், பெருமை பேச ஒன்றுமில்லை.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவனைப் பிடித்தாள்.

"பங்களால ஒரு வேல இருக்கு தம்பி. வெயிலு இல்ல, மழ இல்ல. அடுப்பு முன்னால உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். மேனேஜரு வீட்டுல சோறு மிஞ்சினா ஒனக்குத்தான்."

"மாமாவுக்குல்ல அந்த வேலன்னு சொன்னாங்க?"

"அவருக்குப் புகையில இருந்து இருந்து கண்ணு எரியுது. நீ போயி கட்டவெரல வையி." அவன் தயங்குவதுபோல் இருந்தது. "நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றாள்.

கிராணியின் வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பின்னால் மாயாண்டி, "சரிக்கா, நீங்க சொன்னா சரிதான்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முருகையா அவனுக்குத் தீ வேலை சொல்லிக் கொடுத்தான். மணிக்கட்டு கனத்துக்கு மேல் விறகு கூடாது. பட்டையை உரித்துவிட வேண்டும், புகைவது பட்டைதான். விறகுக்கு விறகு இடைவெளி விட்டுக் காற்றுக்கு வழி வைக்க வேண்டும். ஈரமான கட்டையைக் காதருகே தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எதையும் ஒளிக்காமல் சொன்னான். தனக்கு ஆசையான வேலையை அடுத்தவனுக்குக் கற்றுக் கொடுக்கும்போதுகூட அவனுக்கு முகம் சுருங்கவில்லை. தூரத்தில் நின்ற மயிலம்மாளால்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முருகையா கிராணியிடம் போய்க் கண்ணைக் காரணம் சொன்னான். "யோசிச்சுத்தான் பேசுறியா?" என்று தங்கராஜு இரண்டு முறை கேட்டாராம். அடுத்த அறையில் ஓமுராவோடு மொழிபெயர்ப்பாளன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிராணி அந்தக் கதவைப் பார்த்தார், முருகையாவைப் பார்த்தார், பிறகு மாயாண்டியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

பத்தாம் நாள் சிவப்பு முத்திரையோடு அனுமதி வந்தது. ஓமுரா அதைப் பலகையில் ஒட்டிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அன்று சாயங்காலம் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து, தலையில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ முனகினாராம். ஒரே ஒரு ஆள், வெறும் குளியல். லயமே அதைச் சொல்லிச் சிரித்தது. மயிலம்மாள் சிரிக்கவில்லை. மாயாண்டியை எப்போது கூட்டிப் போவார்கள் என்று அவள் காத்திருந்தாள். அவன் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம், விடிந்து பெரட்டுக்கு ஆள் கூடிய நேரத்தில் லோரி வந்தது. மூன்று சிப்பாய்கள் இறங்கினார்கள். முப்பது ஆண்கள் வேண்டும் என்றான் மொழிபெயர்ப்பாளன். இந்தத் தடவை அரிசியைப் பற்றியும் துணியைப் பற்றியும் எவனும் பேசவில்லை. வரிசையாக நிற்க வைத்துத் தோளைத் தட்டிப் பிரித்தார்கள்.

மாயாண்டியின் தோளைத் தட்டினார்கள். மயிலம்மாள் பெண்கள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ, நான் நினைத்தது சரி என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அதற்குள் மேட்டிலிருந்து ஓமுரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கையில் அந்தப் பலகை, முத்திரையும் ஆணியுமாக. சிப்பாய்களுக்கு மூத்தவன் அதை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தான். தாளிலிருந்த பெயரைச் சொல்லச் சொல்லி, மாயாண்டியின் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனை வரிசையிலிருந்து வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோளைத் தட்டினான்.

அடுத்த தோள் முருகையாவினுடையது.

அவனிடம் காட்டத் தாள் எதுவும் இல்லை. மயிலம்மாள் ஓடிப்போய் ஓமுராவின் காலில் விழுந்தாள். தீ வேலை தெரிந்தவர் இவர்தான், இவர்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று தமிழில் கத்தினாள். மொழிபெயர்ப்பாளன் அதைச் சொன்னானோ இல்லையோ. ஓமுரா காலை இழுத்துக்கொண்டு, ஒரு அனுமதிக்கு ஒரு பெயர்தான் என்கிற மாதிரி ஒற்றை விரலைக் காட்டினார். முருகையா லோரியில் ஏறும்போது அவளைத் திட்டவில்லை. "கோழிக்குத் தீனி போடு," என்று மட்டும் சொன்னான். அவனுக்கு அந்த நேரத்தில் வேறு பேச்சு வரவில்லை.

லோரி போன பிறகு அவள் நேராகக் கிராணியிடம் போனாள். அவர் ஆபீஸ் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்தான?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன் மயிலம்மா. அந்தத் தாளுல பேரு இருந்தா யாரும் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொன்னேன். லோரி வரப்போகுதுன்னு வாய விட்டா என் தல போயிருக்கும்." அவர் நிமிரவில்லை. "ஒன் அண்ணன் பேர எழுதினப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜப்பான்காரன் சொன்னத நம்பித்தான் நானும் சொன்னேன். அதுக்கு ஈடா ஒரு ஆளையாவது நிறுத்தணும்னு நெனச்சேன். ஒன் வீட்டுலயே நிறுத்தணும்னு நெனச்சேன்."

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. தன்னை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்து லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாயாண்டி ஒரு சட்டியோடு வந்தான். அதில் வெள்ளைச் சோறு இருந்தது, மரவள்ளி கலக்காத சோறு. பங்களாவில் மிஞ்சியது என்றான். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"மாமா வர்ற வரைக்கும் தெனம் கொண்டாறேன்கா. அவரு வந்ததும் அந்தத் தாளுல அவரு பேரையே போடச் சொல்லி கிராணிகிட்டக் கேக்குறேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு யாரு இருக்கா. இந்த லயத்துல என்னய நெனச்சுப் பாத்தது நீங்க ஒருத்தருதான். நீங்க மட்டும் சொல்லலன்னா நானும் அந்த லோரியிலதான்."

மயிலம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. திட்டினால் தாங்கியிருப்பாள்.

"ஒன்னய சயாமுக்கு அனுப்பத்தான் ஒன் பேரப் போடச் சொன்னேன்," என்றாள். "தாளுல பேரு ஏறினா கொண்டுபோயிருவாங்கன்னு நெனச்சேன். ஒனக்கு அழ ஆளில்லன்னு நெனச்சேன். தெரிஞ்சேதான் சொன்னேன்டா."

மாயாண்டி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. பச்சைப்பிள்ளையைச் சமாதானப்படுத்துகிறவன்போலத் தலையாட்டினான்.

"மாமா போன துக்கத்துல என்னென்னமோ பேசுறீங்க. நீங்க போயி அப்படி நெனப்பீங்களா?"

"நெஜமாத்தான் சொல்றேன்."

"சரிக்கா, சரி. ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க." சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "சாயங்காலத் தண்ணிக்கு நேரமாச்சு, நான் வர்றேன்," என்று எழுந்து போனான்.

அவள் அந்தச் சோற்றுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்ந்ததும் வாசலுக்கு வந்து மேட்டைப் பார்த்தாள். இந்நேரம் பீப்பாய்க்கு அடியில் தீ எரிந்துகொண்டிருக்கும் என்று தெரியும். பங்களாவுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது, ஒரு இழை புகை இல்லை. முருகையா அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தான்.